கீழ் வீட்டு ஆண்ட்டி எரிக்கிற சாம்பல் எல்லாம் நம்ம துணி மேல. கம்ப்ளெயிண்ட் பண்ணலாமா?

கும்பகோணத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது, ஈசூன்ல மூணாவது மாடில வாடகைக்கு இருக்கோம், நான், வீட்டம்மா, தொடக்கநிலை 4 படிக்கிற பொண்ணு. இப்ப சீனவங்களுக்கு ஏழாம் மாசம் நடக்குது இல்லையா, பேய் மாசம்னு சொல்றாங்களே, அதுதான் பிரச்சனை. எங்களுக்கு நேர் கீழ ரெண்டாவது மாடில ஒரு ஆண்ட்டி, எழுபது வயசு இருக்கும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாயந்தரம் ஆனா ஒரு பழைய எண்ணெய் டின்னைத் தூக்கிட்டு கீழ புல்தரைக்கு வந்துடுறாங்க. மொதல்ல ஆரஞ்சு, சோறு, மெழுகுவத்தி, ஊதுவத்தி எல்லாம் வெச்சு கும்பிடுறாங்க, அப்புறம் கட்டுக்கட்டா தாள், தங்க கலர் ஒட்டினது, நோட்டு மாதிரி அச்சடிச்சது, காகிதத்துலயே செஞ்ச சட்டை, ஒரு நாள் காகித ஐபோன் கூட பாத்தேன், எல்லாத்தையும் டின்ல போட்டு எரிக்கிறாங்க. அந்தச் சாம்பல் அப்படியே மேல ஏறி எங்க கிச்சன் ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழில காயுற துணி மேல வந்து உக்காருது. பொண்ணோட வெள்ளை யூனிஃபார்ம்ல கறுப்பா இறகு மாதிரி ஒட்டிக்கும், தட்டினா போகாது, ஈஷிக்கும். ஒரே வாரத்துல மூணு தடவை மறுபடி துவைச்சாச்சு.

வீட்டம்மா நகர மன்றத்துக்கு கம்ப்ளெயிண்ட் போடுங்கன்னு தினம் சொல்றா. எனக்கு கை வரல. ஏன்னா போன மாசம்தான் பொண்ணு ஸ்கூல்ல இன நல்லிணக்க நாள், வேற இனத்து டிரஸ் போட்டு வரச் சொன்னாங்க, தேக்காவுல மலாய்க்காரங்க போடுற பாஜு கூரோங் வாங்கிக் குடுத்தோம், அவ சீனத் தோழி பாவாடை சட்டைல வந்திருந்தா, போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. இப்ப தமிழ் டீச்சர் 150 சொல்லுக்கு கட்டுரை கேட்டிருக்காங்க, "பண்பாட்டுப் பன்மை என்றால் என்ன? அது சமூகத்துக்கு ஏன் முக்கியம்?"னு. நேத்து ராத்திரி நான் பொண்ணு பக்கத்துல உக்காந்து "பல இன மக்கள் ஒருவரையொருவர் மதித்து..."ன்னு மொத வரி சொல்லிட்டு இருக்கேன், உள்ள அவ அம்மா அந்த ஆண்ட்டிய பேர் வெச்சு திட்டிட்டு இருக்கா. ரெண்டாவது வரி எனக்கு வரவே இல்ல.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, கம்ப்ளெயிண்ட் போடலாமா வேணாமா. ரெண்டு, இந்தப் பன்மை பன்மைன்னு சொல்றது டிரஸ் மாத்திப் போடுறதைத் தாண்டி நிஜமா ஏதாவது இருக்கா, இல்ல வருஷத்துக்கு ஒரு நாள் போட்டோவுக்குத்தானா? பழைய ஆளுங்க சொல்லுங்க.


சும்மா_ஒருத்தன்:

பேய் மாசத்துல பேய்க்குப் போற பார்சலையே கம்ப்ளெயிண்ட் பண்றீங்களா. தைரியம்தான் ப்ரோ.

ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்ல வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறதில்லையா?


கும்பகோணத்தான்:

போடுவோம், ஆனா அது வேற.


சும்மா_ஒருத்தன்:

எப்படி வேற?


தோபாயோ_அக்கா:

தம்பி, நான் இங்கயே பிறந்து வளந்தவ, தோ பாயோல நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் கோச்சுக்காதீங்க.

மொதல்ல அந்த நல்லிணக்க நாள் தேதி. ஸ்கூல்ல ஜூலை 21 ஏன் வெச்சாங்கன்னு உங்க பொண்ணுகிட்ட கேளுங்க, பாதி புள்ளைங்களுக்குத் தெரியாது. 1964ல அதே தேதிலதான் இங்க மலாய்க்காரங்களுக்கும் சீனவங்களுக்கும் கலவரம், நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்துல ஆரம்பிச்சது, 23 பேர் செத்தாங்க, நூத்துக்கணக்குல காயம், ஊரடங்கு. செப்டம்பர்ல மறுபடி ஒண்ணு. எங்கம்மா அப்ப கம்பத்துல, அதாவது பழைய கிராமக் குடியிருப்புல இருந்தாங்க, அன்னிக்கு பக்கத்து மலாய் வீட்டு அம்மா எங்கம்மாவையும் அக்காவையும் அவங்க வீட்டுக்குள்ள இழுத்து கதவைச் சாத்திக்கிட்டாங்களாம், இத்தனைக்கும் நாங்க சண்டைல எந்தப் பக்கமும் இல்ல. எங்கம்மா சாகுற வரைக்கும் அந்தக் கதையை சிரிக்காமத்தான் சொல்லுவாங்க. அதனால அந்த நாளை ஃபேன்சி டிரஸ் நாள்னு யாராவது சொன்னா எனக்கு சுருக்குன்னு இருக்கும், ஆனா புள்ளைங்க அன்னிக்கு ஃபேன்சி டிரஸ்தான் பண்ணுதுங்க அதுவும் உண்மைதான் லா.

அப்புறம் இந்த பிளாக் கணக்கு. நீங்க கவனிச்சிருப்பீங்க, எந்த எச்டிபி (அரசாங்க வீடமைப்பு) பிளாக்குக்குப் போனாலும் சீனம், மலாய், இந்தியன்னு கலந்து இருக்கும். அது தானா அமைஞ்சது இல்ல. எண்பதுகள் கடைசில மலாய்க்காரங்க பிடோக், தெம்பனீஸ்னு ஒரு பக்கம், சீனவங்க ஹவ்காங், அங் மோ கியோன்னு ஒரு பக்கம், நம்மாளுங்க உங்க ஈசூன்ல, இப்படி சேர ஆரம்பிச்சாங்க, உடனே 1989 மார்ச்ல கோட்டா கொண்டு வந்தாங்க. ஒரு பிளாக்ல இந்த இனம் இத்தனை சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு. சீனவங்க 87, மலாய் 25, இந்தியர் மத்தவங்க சேத்து அப்ப 13, 2010ல அதை 15 ஆக்கினாங்க. 89ல கொண்டு வந்தப்ப தேசிய வளர்ச்சி அமைச்சர் நம்ம தனபாலன்தான். அதாவது உங்க கீழ் வீட்ல ஒரு சீன ஆண்ட்டி இருக்கிறது தற்செயல் இல்ல, சட்டம் போட்டு உக்கார வெச்சது. இங்க ஜனத்தொகைல நாலுல மூணு பங்கு பேர் எச்டிபிலதான் இருக்கோம், அதனால இது சின்ன விஷயம் இல்ல.

ஆனா பக்கத்துல உக்கார வெச்சுட்டா பழக்கம் வந்துடுமா? அது லிஃப்ட்லயும் காரிடார்லயும்தான் வரும். எங்க பிளாக் கீழ வாய்ட் டெக், அந்தத் தரைத்தள திறந்த இடம் இருக்கே, போன மாசம் அங்க மலாய்க் கல்யாணம், காலைல இருந்து கொம்பாங் மேளம் தட்டுறாங்க, தலை வலிக்குது, ஆனா பிரியாணி வாசம் அஞ்சாவது மாடி வரைக்கும் வருது. அடுத்த வாரம் அதே இடத்துல சீனவங்க சாவு வீடு, அஞ்சு நாள் வெள்ளைத் துணி கட்டி ராவெல்லாம் லைட்டு, மந்திரம். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நாளைக்கு நமக்கும் அந்த இடம்தான் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு நான் காரிடார்ல பெருசா கோலம் போடுவேன், எதிர் வீட்டு தாத்தா சைக்கிளை உருட்டாம தோள்ல தூக்கிட்டு சுவரோரமா ஒட்டி ஒட்டி போவார், பாக்க பாவமா இருக்கும், நானே இப்ப கோலத்தை பாதியாக் குறைச்சுட்டேன்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். 2011ல கறி சண்டைன்னு (இங்க கறின்னா குழம்பு) ஒண்ணு நடந்துச்சு, நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சீனாவுல இருந்து புதுசா வந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் வைக்கிற குழம்பு வாசம் தாங்கலைன்னு சமரச நிலையத்துக்குப் போயிட்டாங்க. இவங்க ஏற்கனவே கதவு ஜன்னலைச் சாத்திட்டுத்தான் சமைச்சிருக்காங்க. கடைசில அவங்க வீட்ல இல்லாத நேரமாப் பாத்து இவங்க குழம்பு வைக்கணும், பதிலுக்கு அவங்க அந்தக் குழம்பைச் சாப்ட்டுப் பாக்கணும்னு முடிவாச்சு. நடந்தது அதுக்கும் ஆறேழு வருஷம் முன்னாடி, பேப்பர்ல வந்தது 2011ல. வந்ததும் ஊரே கொதிச்சுது. ஆகஸ்ட் 21 ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல கறி சமைங்கன்னு ஃபேஸ்புக்ல ஒரு அழைப்பு, 50,000 பேருக்கு மேல வர்றோம்னு போட்டாங்க, அதுல சீனவங்களும் இருந்தாங்க. என் பிளாக்ல ரெண்டு சீன வீட்ல அன்னிக்கு மசாலா வாசம், ஒருத்தி எங்கிட்ட வந்து கறிவேப்பிலை கடன் கேட்டா. சமரச முடிவை ரெண்டு குடும்பமும் பேசி ஒத்துக்கிட்டதுதான், யாரும் திணிக்கலைன்னு பின்னாடி விளக்கம் வந்துச்சு, ஆனா அதுக்குள்ள குழம்பு கொதிச்சு முடிஞ்சாச்சு.

அன்னிக்கு அந்த சீனக் குடும்பம் கம்ப்ளெயிண்ட் போன இடத்துல இன்னிக்கு நீங்க நிக்கிறீங்க தம்பி. அவ்வளவுதான் சொல்லுவேன். நேரா போய் பேசுங்க. நகர மன்றம் இந்த மாசத்துக்குன்னே பெரிய இரும்புத் தொட்டி வைக்கும், ஏன் அதுல எரிக்கலைன்னு மெதுவாக் கேளுங்க. காரணம் இருக்கும். இன்னொண்ணு, கெத்தாய்னு மேடை போட்டு பாட்டு நடக்கும், போய்ப் பாருங்க, ஆனா மொத வரிசை நாற்காலி காலியா இருக்கேன்னு உக்காந்துடாதீங்க, அது செத்தவங்களுக்கு.


நாகூர்_பேரன்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ரெண்டாவது கேள்விக்கு மட்டும் வர்றேன்.

பாஸ், ஒரு ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு சைனாடவுன் போங்க. சைனாடவுன்னு பேரு, ஆனா சவுத் பிரிட்ஜ் ரோட்ல நடந்தா மொதல்ல வர்றது நம்ம ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1826ல சோழமண்டலக் கரையில இருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் ஆரம்பிச்சது, அதுக்கு ரெண்டு எட்டுல மாரியம்மன் கோயில், 1827, நாராயண பிள்ளை கட்டினது. பள்ளிவாசலுக்குப் பக்கவாட்டுல இருக்கிற தெரு மாஸ்க் ஸ்ட்ரீட், கோயிலுக்கு இந்தப் பக்கம் பகோடா ஸ்ட்ரீட். அந்த பகோடா ஏதோ சீனக் கோயில்னு டூரிஸ்ட் எல்லாம் நினைச்சுக்கிறான், அது நம்ம மாரியம்மன் கோபுரம்தான். சீனவங்க பேட்டைல தமிழன் கோபுரத்தை வெச்சு தெருவுக்குப் பேரு, இன்னி வரைக்கும் யாரும் மாத்தல.

அப்படியே தெலோக் ஆயர் ஸ்ட்ரீட் போங்க. இப்ப சுத்தி ஆஃபீஸ் கட்டடம், அந்தக் காலத்துல அதுதான் கடற்கரை, கப்பல்ல இருந்து இறங்கினா கால் படுற இடம். அங்க ஒரு நாகூர் தர்கா இருக்கு, 1828ல இருந்து 1830க்குள்ள நம்மாளுங்க கட்டினது, ஊர்ல இருக்கிற தர்கா ஞாபகத்துல. சின்னப் புள்ளைல எங்க வாப்பா கூட்டிட்டுப் போவாரு, எனக்கு அந்த குட்டி மினாரா மட்டும் ஞாபகம், கேக் மேல வெச்ச அலங்காரம் மாதிரி இருக்கும். அதே தெருவுல கொஞ்சம் தள்ளி தியான் ஹாக் கெங், ஹொக்கியன் சீனவங்க கடல் தெய்வத்துக்குக் கட்டினது, 1842ல முடிஞ்சது. உயிரோட கரை சேர்ந்ததும் அவன் மாசூ அம்மனுக்கு ஊதுவத்தி ஏத்தினான், நம்மாளு நாகூர் எஜமானுக்கு நேர்ச்சை வெச்சான். ரெண்டு பேரும் ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்குத் தெரியாம பக்கத்துல பக்கத்துல நின்னு கும்பிட்டுட்டு வேலை தேடிப் போயிருக்கான். யாரும் அவனுக்கு அன்னிக்கு நல்லிணக்கம்னு பாடம் எடுக்கல.

வாட்டர்லூ ஸ்ட்ரீட் கிருஷ்ணன் கோயிலையும் பாத்துடுங்க. பக்கத்துலயே பெரிய குவான் யின் கோயில், அங்க கும்பிட்டு முடிச்ச சீன ஆண்ட்டிங்க வர்ற வழில கிருஷ்ணன் வாசல்லயும் ஊதுவத்தி ஏத்திட்டுத்தான் போவாங்க, கோயில்காரங்களே அதுக்கு வாசல்ல தனியா தொட்டி வெச்சிருக்காங்க. நான் முஸ்லிம், எனக்கு ரெண்டுலயும் வேலை இல்ல, ஆனா மதியம் அங்க சாப்பிடப் போறப்ப எல்லாம் நின்னு ஒரு நிமிஷம் பாப்பேன்.

அப்புறம் மீ கோரிங். மஞ்ச நூடுல்ஸ் சீனவன்து, சம்பல் மலாய்க்காரன்து, வாணலி நம்ம மாமா கடைது. இதை ஊர்ல போய் இந்தியன் மீ கோரிங்னு கேட்டா அடிப்பான்.


வாடகைக்காரன்:

நல்லா இருக்கு எல்லாரும் சொல்றது, கோயில், தர்கா, நூடுல்ஸ். நான் கொஞ்சம் உப்பு போடுறேன்.

போன வருஷம் வீடு தேடினேன். ஏஜெண்ட் போன்ல நல்லாத்தான் பேசுவாரு, பேரைச் சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் "ஓனர் கொஞ்சம் யோசிக்கிறாங்க, ஹெவி குக்கிங் பண்ணுவீங்களா"ன்னு வரும். ஹெவி குக்கிங்னா என்னன்னு கேட்டா "யூ நோ லா"ம்பாரு. நாலு வீடு இப்படியே போச்சு. அஞ்சாவது வீட்டு ஓனர் ஒரு தமிழர், அங்கதான் கடைசி வலி, "லோக்கலா, ஊரா?"ன்னு கேட்டாரு. ஊருன்னேன். அவரும் யோசிக்கிறேன்னுட்டாரு. தமிழ்தான் பேசினாரு, அதே தமிழ்ல.

அக்கா சொன்ன கோட்டாவுக்கும் இன்னொரு பக்கம் இருக்கு. சீனவங்க கோட்டா நிரம்பின பிளாக்ல ஒரு இந்தியரோ மலாய்க்காரரோ வீட்டை விக்கணும்னா சீனவங்களுக்கு விக்க முடியாது, ஊர்ல வாங்குறவன்ல முக்காவாசி அவங்கதான், அப்ப மிச்சம் இருக்கிற கொஞ்சம் பேர்ல ஒருத்தன் கேட்குற விலைக்குத்தான் தள்ளணும். மாசக்கணக்குல காத்திருந்து விலையைக் குறைச்சவங்க நிறைய பேர். அரசாங்கத்துக்கும் தெரியும், 2022ல ரொம்ப சிரமப்படுறவங்க வீட்டை எச்டிபியே திருப்பி வாங்கிக்கும்னு ஒரு வழி கொண்டு வந்தாங்க. அப்ப எல்லாரும் கலந்து வாழணும், சரி, ரொம்ப நல்லது, ஆனா அதுக்கான பில்லு பெரும்பாலும் சின்ன இனத்துக்காரன் டேபிளுக்குத்தான் வருது. எனக்கு கோட்டா வேணாம்னு சொல்லல. 1964க்கு அது எவ்வளவோ மேல். ஆனா கட்டுரைல "ஒற்றுமையாக வாழ்கிறோம்"னு மட்டும் எழுதிட்டு இதை விட்டுடாதீங்க.


தோபாயோ_அக்கா:

தம்பி அந்த "லோக்கலா ஊரா" கேள்விக்கு நான் வெட்கப்படுறேன். எங்க சொந்தத்துலயே கேக்குறவங்க இருக்காங்க. ஊர்க்காரங்க சத்தமாப் பேசுறாங்க, வந்த மறுநாளே பிஆர் (நிரந்தரவாசம்) வாங்குறாங்கன்னு ஒரு பக்கம், லோக்கல் ஆளுங்களுக்கு தமிழே தெரியலைன்னு நீங்க ஒரு பக்கம். ரெண்டாவது கொஞ்சம் உண்மைதான், 2020 கணக்குப்படி மொத்த சிங்கப்பூர்வாசிங்கள்ல வீட்ல அதிகமாத் தமிழ் பேசுறவங்க 2.5 சதவீதம்தான், நாலு ஆட்சிமொழில ஒண்ணு, ஸ்டேஷன் போர்டுல எல்லாம் இருக்கு, வீட்டுக்குள்ள இல்ல. என் பேரன் என்னை "பாட்டி, சிம்பிள் தமிழ் ப்ளீஸ்"ங்கிறான். அதுக்கு நீங்க ஊர்ல இருந்து வர்றதுதான் எங்களுக்கு உரம், அதை ஒத்துக்க மனசு வர மாட்டேங்குது பல பேருக்கு.


சும்மா_ஒருத்தன்:

கும்பகோணத்தாரே, சாம்பிராணி "எப்படி வேற"க்கு இன்னும் பதில் வரல.


கும்பகோணத்தான்:

வந்துட்டேன், வந்துட்டேன். நாலு நாளா எழுத நேரமில்ல.

அக்கா சொன்ன மாதிரி நேத்து போய்ப் பேசிட்டேன். ஆண்ட்டிக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தை, எனக்கு மாண்டரின் பூஜ்யம், அவங்க மலாய்ல என்னமோ கேட்டாங்க அதுவும் நமக்குத் தெரியாது (அக்கா காலத்து ஆளுங்க எல்லாம் மலாய்லயே பேசிக்குவீங்களாமே). நல்லவேளை மகன் வந்திருந்தாரு. இரும்புத் தொட்டி அடுத்த பிளாக் மூலைல இருக்கு, நடுவுல படிக்கட்டு, ஆண்ட்டிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிருக்கு, அதனாலதான் டின். நாலு வருஷம் முன்னாடி போன வீட்டுக்காரருக்குத்தான் எரிக்கிறாங்களாம். அந்த காகித ஐபோனும் அவருக்குத்தான், இருந்த வரைக்கும் பட்டன் போன்தான் வெச்சிருந்தாராம். கேட்டுட்டு எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு, புரட்டாசில மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடுறப்ப நானும் இப்படித்தானே, அவருக்குப் புடிச்ச வாழைக்காய் கறி இல்லாம இலை போட மாட்டேன். முடிவு என்னன்னா அவங்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல எரிப்பாங்க, நாங்க அதுக்குள்ள துணியை எடுத்துடணும். வீட்டம்மாவுக்கு இதுல முழு சம்மதம் இல்ல, வேலைக்குப் போயிட்டு வர்றவ ஒன்பதுக்குள்ள துணி எடுக்கிறது எப்படின்னு கேக்குறா, நியாயம்தான், இனிமே நான் எடுக்கிறேன்னு ஒத்துக்கிட்டேன்.

இப்ப சாம்பிராணி. கிளம்புறப்ப நானே வாயை விட்டுட்டேன், "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுப் புகை உங்களுக்கு தொந்தரவா இருக்கா"ன்னு. மகன் கேட்டாரு, ஆண்ட்டி ரொம்ப நேரம் பேசினாங்க, மகன் சிரிச்சுட்டே இருக்காரு. விஷயம் என்னன்னா ஒன்றரை வருஷமா ஆண்ட்டி அதை கொசு மருந்துன்னு நினைச்சிருக்காங்க. டெங்கி நேரம், மேல் வீட்டு இந்தியக் குடும்பம் வாரா வாரம் தவறாம புகை போடுது, ரொம்பப் பொறுப்பான ஆளுங்கன்னு பிளாக்ல நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்களாம். சாமிக்குன்னு சொன்னதும் கொஞ்சம் யோசிச்சுட்டு, கொசு போகுதா இல்லையான்னு கேட்டாங்க. போகுதுன்னேன். அப்ப சரின்னுட்டாங்க.

பொண்ணு கட்டுரைல நான் சொன்ன மொத வரியை அடிச்சுட்டு இந்தக் கதையை எழுதிக் குடுத்துட்டா. டீச்சர் சிவப்பு மையில "150 சொற்களைத் தாண்டிவிட்டது"ன்னு மட்டும் போட்டு அனுப்பியிருக்காங்க.

வீட்டுக்குள்ள வைக்கிற மாதிரி மடக்கு துணிக் கம்பி எங்க மலிவா கிடைக்கும்னு யாருக்காவது தெரியுமா? இன்னும் பத்து நாள் இருக்கு இந்த மாசம் முடிய.